ஜப்திப் பட்டியல் மீட்டுக் கொடுத்த வீடு

ஆம்ஸ்டர்டாமில் ஓவியர் ரெம்ப்ராண்ட் வாழ்ந்த வீட்டைப் பார்த்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. மனம் இன்னும் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

1639இல் அன்றைய டச்சு நாணயத்தில் 13,000 கில்டருக்கு விலை பேசி, தவணையில் அடைப்பதாகச் சொல்லி வாங்கிய வீடு அது. பேரும் வரும்படியும் ஓங்கியிருந்த காலம். ஆனால் கடன் தீரவே இல்லை. 1656இல் திவாலானார். அறை அறையாகப் புகுந்து 363 இனங்களைப் பட்டியல் எழுதினார்கள். 1658இல் வீடும் கைமாறியது.

என் பெரியப்பா வீட்டில் ஜப்தி நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஒருவர் பொருளைத் தொட்டுச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொண்டே போவார். ரெம்ப்ராண்ட் வீட்டில் அந்தக் குரல்தான் என் காதில் ஒலித்தது. வேடிக்கை என்னவென்றால், எந்த அறையில் என்ன இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவதே அந்தப் பட்டியலால்தான். அதை வைத்துத்தான் அறைகளைப் பழையபடி அமைத்திருக்கிறார்கள். இப்போது இருப்பவை பெரும்பாலும் அவருடைய பொருள்கள் அல்ல, அந்தக் காலத்தவை.

சங்கு, சிப்பி, பவளம், ஆயுதங்கள், ரோமானிய மன்னர்களின் மார்பளவுச் சிலைகள் என்று ஓர் அறை முழுக்க நிறைந்திருக்கிறது. ஊதாரித்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. கண்ணெதிரே வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தவருக்கு அவையெல்லாம் கருவிகள் அல்லவா?

சுவரோடு பதித்த, அலமாரி போன்ற படுக்கையின் முன் அதிக நேரம் நிற்க முடியவில்லை. மனைவி சாஸ்கியா 1642இல் இந்த வீட்டில்தான் இறந்தார். வயது 29. மகன் டைட்டஸுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

மாடியில் வடக்குப் பார்த்த ஓவியக்கூடம். நேர் வெயில் விழாமல், நாள் முழுதும் ஒரே சீரான வெளிச்சம். அங்கே ஒரு பெண் காவிப்பொடியில் ஆளிவிதை எண்ணெய் விட்டு, கல் பலகையில் கண்ணாடிக் குழவியால் அரைத்துக் காட்டினார். முதலில் நறநறவென்று கேட்ட ஓசை, அரைக்க அரைக்க அடங்கி, ஈரமான வழுக்கல் மட்டும் மிஞ்சியது. கத்தியால் வழித்துக் கூட்டி மறுபடி அரைத்தார். இவ்வளவு நேரத்துக்கும் கிடைத்தது ஒரு கரண்டி வண்ணம்.

மறுநாள் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில், தம்மையே பவுல் அப்போஸ்தலராக அவர் வரைந்துகொண்ட 1661ஆம் ஆண்டு ஓவியத்தைப் பார்த்தேன். தலையில் வெள்ளைத் துணி, கையில் காகிதங்கள், உயர்ந்த புருவம். வீடு கைவிட்டுப் போய் மூன்று வருடம். துணி மடிப்பில் வெள்ளை வண்ணம் கெட்டியாக ஏறியிருந்தது. அதை அவருக்கு யார் அரைத்துக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.