மின்கம்பிக்குக் கீழே இரண்டடுக்குக் கன்டெய்னர் ஓடுமா?

திருப்பூர் பனியன்: ஒரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ பெரியவர் எழுதியிருக்கிறார்: "மின்மயப் பாதையில் கன்டெய்னரை இரண்டடுக்காக ஏற்றவே முடியாது. டீசலை ஒழித்தார்கள், ரயில் சரக்கும் ஒழிந்தது." படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. 2021 ஜனவரி 7 அன்று ஹரியானாவின் நியூ அடேலியிலிருந்து ராஜஸ்தானின் நியூ கிஷன்கட்டுக்கு மின்கம்பிக்குக் கீழேதான் இரண்டடுக்கு ரயிலை ஓட்டினார்கள். ரயிலின் நீளம் ஒன்றரை கிலோமீட்டர்.

பழைய கார்டு: அந்தப் பெரியவர் நான்தான். ஓர் எழுத்தையும் மாற்றப்போவதில்லை. கம்பி இருப்பது ஐந்தரை மீட்டர் சொச்சத்தில். வேகன் தளம் ஒரு மீட்டர், அதன்மேல் எட்டரை அடிப் பெட்டி இரண்டு. கூட்டினால் ஆறு மீட்டருக்கு மேல். கம்பியைப் பெட்டிக்குள் விட்டு ஓட்டுவீர்களா?

லோகோ பித்தன்: ஐயா, அங்கே கம்பியையே ஏழு மீட்டருக்கு மேல் உயர்த்திவிட்டார்கள். எஞ்சின் மேலிருந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃபும் அதற்கேற்ற உயரம். கூட்டல் சரி, கம்பிதான் வேறு.

பழைய கார்டு: அது சரக்கு ரயிலுக்கென்றே போட்ட தனிப்பாதை தம்பி. அந்த உயரமும் மேற்கில் மட்டும்தான். லூதியானா–சோன்நகர் கிழக்குத் தனிப்பாதையும் மின்மயம்தானே, அதில் ஏன் இரண்டடுக்கு இல்லை? 2006இல் குஜராத்தின் பிப்பாவாவ் துறைமுகத்திலிருந்து ஜெய்ப்பூருக்குப் போன இரண்டடுக்கு ரயில் டீசலில்தான் ஓடியது. அமெரிக்காவில் இன்றைக்கும் டீசல்தான். நான் கூட்ஸில் கொடி காட்டியவன், யூடியூப் பார்த்துப் பேசுகிறவன் அல்ல.

திருப்பூர் பனியன்: கொடி காட்டினால் கம்பி தாழ்ந்துவிடுமா? ஓடியதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் சார்.

காசிமேடு லாரி: எத்தனை அடுக்கில் வந்தால் எனக்கென்ன? ரயிலுக்கு அனுப்பினால் லாரியில் ஏற்று, யார்டில் இறக்கு, வேகனில் ஏற்று, துறைமுகத்தில் மறுபடி இறக்கு. ஒவ்வொரு தூக்கலுக்கும் காசு. திருப்பூரில் ராத்திரி ஏற்றினால் விடிந்ததும் தூத்துக்குடியில் நிற்பேன். ஒரு ரேக், அதாவது ஒரு முழு ரயில், நிரம்ப 90 பெட்டி சேரும்வரை கப்பல் காத்திருக்குமா?

திருப்பூர் பனியன்: நீங்கள் துறைமுக வாசலில் வரிசையில் நிற்பதைச் சொல்லவே இல்லையே அண்ணே. தூரம் குறைவு என்பதால் உங்கள் பிழைப்பு ஓடுகிறது. தில்லிக்கு லாரியில் போய்விட்டு வந்து பேசுங்கள்.

காசிமேடு லாரி: போயிருக்கிறேன். டீசல் காசு நீ கொடுத்தாயா?

பழைய கார்டு: லாரிக்காரரிடம் அப்புறம் வருகிறேன். கம்பி விஷயம் முடியவில்லை. ஐந்தரை மீட்டர்.

லோகோ பித்தன்: போன மாதம் லாரியை ரயிலில் ஏற்றுவதெல்லாம் புருடா என்றதும் நீங்கள்தானே? கொங்கண் ரயில்வேயில் 1999 முதல் லாரிகள் டிரைவரோடு வேகனில் போகின்றன. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பழைய கார்டு: கொங்கணை ஏன் இழுக்கிறாய்? பேச்சு கம்பியைப் பற்றி.

திருப்பூர் பனியன்: ஒரு ரேக்குக்கு 45 வேகன், இரண்டடுக்கில் 180 இருபதடிப் பெட்டி, கம்பிக்குக் கீழே. வீடியோவே இருக்கிறது.

பழைய கார்டு: ஈரோடு–கரூர் பாதையில் ஓடும் வீடியோ இருந்தால் போடு. அதுவரை ஐந்தரை மீட்டர்தான்.

லோகோ பித்தன்: ஈரோட்டை யார் கேட்டது? கொங்கண் பதில் எங்கே ஐயா?

காசிமேடு லாரி: டீசல் காசையும் இன்னும் யாரும் சொல்லவில்லை.