வலி உணரியா, ஊறுணரியா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் அச்சிடவிருக்கும் நலத் துண்டறிக்கையின் சொற்பட்டியலில், உடலுக்கு நேரும் தீங்கை அறிவிக்கும் நரம்பு முனையான நோசிசெப்டருக்கு ‘வலி உணரி’ என்றே முடிவு செய்துவிடலாம் என்று ஈப்போ அண்ணன் எழுதியிருக்கிறார். கொஞ்சம் பொறுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சொல் எளிதுதான், பொருள் பிழைக்கிறது.

அந்த நரம்பு முனைக்கு வலி தெரியாது. தசையோ தோலோ சிதைகிறது, அல்லது சிதையப்போகிறது என்ற செய்தியை மட்டும் அது அனுப்புகிறது. செய்தி முதுகுத் தண்டில் நரம்பு மாறி, மறுபக்கம் கடந்து, தலாமஸ் என்னும் மூளைப் பகுதி வழியாக மூளைப் புறணியை எட்டிய பிறகே வலி பிறக்கிறது. மயக்க மருந்தில் கிடப்பவரின் உடலில் கத்தி படும்போதும் இந்த முனைகள் செய்தி அனுப்புகின்றன, அவருக்கு வலியில்லை. கால் எடுக்கப்பட்டவருக்கோ இல்லாத பாதம் வலிக்கிறது. அங்கே முனையே கிடையாது. 1906-இல் நரம்பியல் அறிஞர் ஷெரிங்டன் நோசிசெப்டர் என்ற சொல்லை ஆக்கியபோதும் ‘தீங்கு செய்’ என்னும் லத்தீன் வினையைத்தான் எடுத்தார்.

தீங்குக்கு நம்மிடம் ‘ஊறு’ இருக்கிறது. ஊறு விளைவித்தான் என்று இன்றும் எழுதுகிறோம். 27-ஆம் குறளில் ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்று ஐம்புலன்களை அடுக்கும்போது அதே சொல் தொடுவுணர்வைக் குறிக்கிறது. தோலுக்கும் தீங்குக்கும் பொதுவான ஒரு சொல் கையில் இருக்க, வேறெங்கே தேடுவது? ‘ஊறுணரி’ என்பது என் முன்மொழிவு.

எனக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட் ரப்பர்த் தோட்டத்தில் அம்மா முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். விரலில் உளி பட்டால் “முதலில் சுருக்கென்று இருக்கும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் காந்தும்” என்பார். அது இரண்டு வகை நரம்பிழைகளின் வேலை. மெல்லிய உறை போர்த்த ஏ-டெல்டா இழையில் செய்தி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் ஓடுகிறது. உறையில்லாத சி இழையில் 2 மீட்டரைத் தாண்டுவதில்லை. சுருக்கு முந்துகிறது, காந்தல் பின்னால் வருகிறது.

அதே அம்மாவுக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு ஒரு மாலை கோயிலுக்குப் போய்விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். சிமெண்டுத் தரையில் வலது கால் தடம் மட்டும் ஈரமாகத் தெரிந்தது. அன்று மழை இல்லை. விளக்கைப் போட்டேன், ரத்தம். செம்பனை முள் ஒன்று செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறி முறிந்திருந்தது. “எப்போது குத்தியது அம்மா?” என்றேன். “எங்கே குத்தியிருக்கிறது?” என்று என்னையே கேட்டார். நீரிழிவில் பாதத்து நரம்பு முனைகள் பழுதாகியிருந்தன. அந்தப் புண் ஆற நான்கு மாதங்கள் பிடித்தன.

துண்டறிக்கையில் ‘வலி உணரி பழுதடைகிறது’ என்று படிக்கும் பெரியவர், வலி போனால் நல்லதுதானே என்று நினைப்பார். ‘ஊறுணரி பழுதடைகிறது’ என்றால் ஆபத்து அவருக்குத் தெரியும்.

மறுமொழி, கூலிம் ஆசிரியையிடமிருந்து:

ஐயா, அம்மாவின் கதையைப் படித்து மனம் கனத்தது. உங்கள் வாதத்தை ஏற்கிறேன். இரண்டு ஐயங்கள். ஆறு + நீர் ஆற்றுநீர் ஆவதுபோல இது ‘ஊற்றுணரி’ ஆகாதா? அப்படி ஆனால் மாணவர்கள் நீரூற்றை நினைப்பார்கள். அடுத்து, வெப்பம், குளிர் இரண்டுக்கும் ‘வெப்ப உணரி’ போதுமா?

என் பதில்:

ஆசிரியை அவர்களுக்கு, 662-ஆம் குறள் ‘ஊறொரால்’ என்றே தொடங்குகிறது. ஊறு + ஒரால் அங்கே ற் இரட்டிக்கவில்லை. அந்த வழியில் ஊறுணரி நிற்கும்.

இரண்டாவது ஐயம் நியாயமானது. ஒரே சொல் போதாது. இளஞ்சூட்டையும் குளிரையும் அறிவிக்கும் முனைகள் வேறு வேறு. வெம்மையுணரி, குளிருணரி என்று பிரித்துவிடுவோம். ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு ஊறுணரியின் பொறுப்பு. அந்தச் சூட்டில் திறக்கும் புரத வாயிலை 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் மிளகாயின் காரப்பொருளை வைத்துக் கண்டுபிடித்தார்கள்; 2021-இல் ஆர்டம் பட்டப்பூட்டியனோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொதிநீர் பட்ட கையும் மிளகாய் அரைத்த கையும் ‘காந்துகிறது’ என்று நம் வீடுகளில் ஒரே சொல்லால் சொல்கிறார்களே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரே வாயில்தான் இருக்கிறது. அதனால் ‘எரிச்சல்’ என்று பட்டியலில் இருக்கும் இடத்தில் ‘காந்தல்’ என்று மாற்றவும் முன்மொழிகிறேன்.

துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முதல் முறை வரும் இடத்தில் ‘ஊறுணரி, அதாவது ஆபத்தை அறிவிக்கும் நரம்பு முனை’ என்று போடுகிறேன். மறுப்பிருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.