புதுப்பிப்பு: சபை விலக்கிய அக்காவும் பேசாத அம்மாவும்

அக்காவைச் சபையிலிருந்து விலக்கியதிலிருந்து அம்மா அவளோடு பேசுவதில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் "கேஸ் போடுங்க" என்றீர்கள். வக்கீலைப் பார்த்தோம்.

சட்டம் பெரிதாகக் கைகொடுக்காது. மத விலக்கைத் தடைசெய்து பம்பாய் மாகாணம் 1949-இல் சட்டம் போட்டது. தாவூதி போரா என்ற முஸ்லிம் சமூகத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-இல் அதை ரத்து செய்தது. மதக் காரணத்துக்காக ஒருவரை விலக்குவது அரசியல் சாசனத்தின் 26-ஆவது பிரிவு மதக் குழுக்களுக்குத் தரும் உரிமை என்றது. அந்தத் தீர்ப்பை 2023-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் 2016 சமூகப் புறக்கணிப்புத் தடுப்புச் சட்டம் அந்த மாநிலத்துக்கு மட்டும்தான். எந்தச் சட்டம் இருந்தாலும், பெற்ற தாயைப் பேசவைக்க எந்தக் கோர்ட்டால் முடியும்?

இதற்கிடையே பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டுக்கு வெளியே ஒரே பெஞ்சில் அம்மா, நான், அக்கா. அம்மா என்னிடம், "அவ சாப்பிட்டாளான்னு கேளு" என்றாள். அக்கா, "சாப்பிட்டேன்னு சொல்லு" என்றாள். நடுவில் நான். இரவு முழுக்க இப்படியே போனது. பாட்டி இப்போது பரவாயில்லை.

தயவுசெய்து அம்மாவைத் திட்டி எழுதாதீர்கள். பேசினால் தன்னையும் விலக்கிவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு. அவள் பழகும் ஜனம் மொத்தமும் அங்கேதான்.

மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம். மனசில் இல்லாததை எழுதித் தர மாட்டேன் என்கிறாள் அக்கா. நான் அவள் பக்கம்தான். வழக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்.