போர்டுல போட எவ்வளவு? மாடலிங்குக்கு வந்த மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

பழங்காநத்தம்

இந்தக் குழுவில் நாங்கள் பெயருக்குப் பதில் ஊரைப் போட்டு எழுதுகிறோம். நான் மாடலிங்குக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. நான் ரேம்ப் மாடல், அதாவது ஃபேஷன் ஷோ மேடையில் நடக்கிற மாடல் இல்லை. என் உயரம் 5 அடி 5 அங்குலம், ரேம்புக்கு 5 அடி 8 அங்குலத்துக்கு மேல் கேட்பார்கள். நான் செய்வது கேட்டலாக் வேலை, கடைக்காரர்கள் தங்கள் சரக்கைக் காட்ட எடுக்கும் படங்கள். புடவை, சுடிதார், கவரிங் நகை. மதுரையில் இருந்துகொண்டு தொடங்குகிறவர்களுக்கு முதலில் கிடைப்பதும் பெரும்பாலும் இதுதான் என்பதால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் நான் பறிகொடுத்த பணம். காலேஜ் இரண்டாம் வருஷம், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்து ஒரு ஏஜென்சிக்குப் போனேன். பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய். ஒரு வாரத்தில் "செலக்ட் ஆயிட்டீங்க" என்று போன் வந்தது. ஆனால் போர்ட்ஃபோலியோவை (வாய்ப்புக் கேட்கக் காட்டும் பட ஆல்பம்) அவர்களிடம்தான் எடுக்க வேண்டுமாம், 35,000 ரூபாய். அம்மா சுங்குடிக்கு முடிச்சுக் கட்டுகிறவர். துணியைக் கிள்ளி, நூலைச் சுற்றி, இறுக்கி, அடுத்த புள்ளி. புடவைக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு புடவை முடிய நாள் கணக்கில் ஆகும். தோட்டைக் கழற்றி அடகு வைத்துத்தான் அந்தப் பணத்தைக் கொடுத்தார்.

படங்கள் வந்தன. கவுன், ஒட்டு இமை, என் நிறத்தைவிட இரண்டு மூன்று மடங்கு வெளுத்த முகம். அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனேன். அங்கே காஸ்டிங் பார்த்த, அதாவது மாடல்களைத் தேர்வு செய்கிற அக்கா நாலு பக்கம் புரட்டிவிட்டு மூடிவிட்டார்.

"மேக்கப் இல்லாம ஏதாச்சும் இருக்காம்மா?"

இல்லை என்றேன். முகத்தைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். ஜன்னல் வெளிச்சம் விழுகிற வெள்ளைச் சுவர் ஓரமாக நிறுத்தி, தலையை இழுத்துக் கட்டி ஒன்று, விரித்துவிட்டு ஒன்று, இடப்பக்கம், வலப்பக்கம், முழு உயரம், முதுகு. எல்லாம் செல்போனில். அப்புறம் பெயர், வயது, உயரம், உடம்பு அளவு, செருப்பு சைஸ் எல்லாம் சொல்லி ஒரு சின்ன வீடியோ. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "இதத்தான் கிளையன்ட்டுக்கு அனுப்புவோம்" என்றார். போலராய்டு என்று இதற்குப் பெயர். உடம்பை ஒட்டின சாதா டிசர்ட், கறுப்பு ஜீன்ஸ், பகல் வெளிச்சம், படம் எடுக்க வீட்டில் ஒரு ஆள், அவ்வளவுதான் செலவு. ஒழுங்கான ஏஜென்சி உங்களிடம் முன்பணம் கேட்காது. வேலை வாங்கித் தந்து, வருகிற சம்பளத்தில் கமிஷன் எடுக்கும். என்னிடம் இப்போது 20 சதவீதம் எடுக்கிறார்கள். அம்மாவின் தோட்டை மீட்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

முதல் வேலை சென்னையில் இல்லை, நம் ஊர்ப் புடவைக் கடை ஒன்றில்தான் கிடைத்தது. தீபாவளிக் கேட்டலாக், ஆனால் ஷூட் நடந்தது ஆடி மாசம். மாடியில் ஒரு அறை, இரண்டு பெரிய லைட், ஏசி இல்லை. காலை எட்டு மணியிலிருந்து ராத்திரி எட்டரை வரைக்கும் 32 பட்டுப்புடவை. விற்கிற சரக்கு என்பதால் ரவிக்கைத் துணியை வெட்ட மாட்டார்கள். நாம்தான் கறுப்பு, தங்கக் கலர், அரக்கு, பச்சை என்று ரவிக்கை கொண்டு போக வேண்டும். மடிப்பைத் தரையில் விரித்து எடுத்து வைத்திருப்பார்கள். கட்டினதும் பின்பக்கம் முழுக்க கிளிப்பும் ஊக்கும்தான், முன்பக்கம் மட்டும்தான் படம். வியர்வையோ பவுடரோ ஜரிகையில் பட்டுவிடக் கூடாது, அதற்கு ஒரு அக்கா துண்டோடு பக்கத்திலேயே நின்றார். வீட்டுக்கு வந்து பாவாடையை அவிழ்த்தால் நாடா இருந்த இடம் இடுப்பைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்திருந்தது.

அன்றைக்குச் சம்பளம் 4,000. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டபடி கேட்டார், "புடவைக்கு இம்புட்டுன்னு பேசுனியா, ஒரு நாளைக்கு இம்புட்டுன்னு பேசுனியா?" எதுவும் பேசாமல்தான் போயிருந்தேன். எத்தனை புடவை என்றுகூடக் கேட்கவில்லை.

ஐப்பசியில் அம்மா டவுன் பஸ்ஸில் போகும்போது காளவாசல்கிட்ட என்னைப் பார்த்திருக்கிறார், இருபது அடி உயர விளம்பர போர்டில். இறங்கி நின்று அழுதுவிட்டு எனக்குப் போன் பண்ணினார். எனக்கும் சந்தோஷம்தான். அடுத்த தீபாவளிக்கும் அதே படம் அதே இடத்தில் நின்றது, கடையின் கட்டைப்பையிலும் வந்தது. அப்போதுதான் உறைத்தது. கேட்டலாக் என்று சொல்லித்தான் எடுத்தார்கள், போர்டு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைக்குப் போய்க் கேட்டேன். "ஊருக்கே உன்னயக் காட்டியிருக்கோம் பாப்பா, அதுக்குக் காசா?" என்றார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லாததால் அதற்கு மேல் பேச என்னிடம் எதுவும் இல்லை.

இந்த வேலையில் நாம் வாங்குவது இரண்டு கூலி. அங்கே நிற்கிற நேரத்துக்கு ஒன்று, நம் முகத்தை எங்கே, எத்தனை நாள் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு ஒன்று. இரண்டாவதைப் புதுசாக வருகிறவர்கள் கேட்பதே இல்லை, அவர்களாகச் சொல்வதும் இல்லை. இப்போதெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்னால் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போட்டுவிடுகிறேன்: "சார், நாளைக்கு 9 முதல் 6 வரை, 20 புடவை, சம்பளம் இவ்வளவு. படம் வெப்சைட், இன்ஸ்டாகிராமுக்கு மட்டும், ஒரு வருஷம். போர்டு, பேப்பர், கட்டைப்பை என்றால் தனியாகப் பேசிக்கொள்வோம். பணம் ஷூட் முடிந்த அன்றே." அவர்கள் "ஓகே" போட்ட பிறகுதான் ஆட்டோ ஏறுவேன். இதனால் இரண்டு வேலை கை நழுவியிருக்கிறது. வருத்தம் இல்லை.

மேலூர்

பசங்க யாரும் எழுதல, நான் எழுதுறேன். வேட்டி சட்டை, டிசர்ட் கேட்டலாக் பண்றேன். ஆரப்பாளையத்துல ராத்திரி பஸ் ஏறுனா விடியறதுக்குள்ள திருப்பூர். நமக்குச் சம்பளம் பொண்ணுங்களவிடக் கம்மி, அதத் தெரிஞ்சுக்கிட்டே வாங்க.

நான் பண்ண தப்பு ஜிம்முல. மாடல்னா உடம்பு ஏத்தணும்னு நெனச்சு நெஞ்சு 43 இஞ்ச் வரைக்கும் கொண்டு போயிட்டேன். ஷூட்டுக்குன்னு தைச்சு வச்சிருந்த சாம்பிள் சட்டை எல்லாம் 40. பட்டன் போட்டா நெஞ்சுல இழுக்குது. உடம்பு நல்லாருக்குன்னு சொல்லிட்டு வேற தம்பியக் கூப்பிட்டுக்கிட்டாங்க. வந்த பஸ்லயே திரும்பினேன். துணிக்கு நாம பொருந்தணும், துணி நமக்காக வராது. இப்ப 40-லயே வச்சிருக்கேன்.

இன்னொண்ணு, கம்பெனிக்காரங்க அன்னைக்கே காசு தரமாட்டாங்க, பில் போட்டு 45 நாள், 60 நாள் ஆகும். எனக்கு 10 சதவீதம் டிடிஎஸ், அதான் முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி, பிடிச்சுத்தான் வரும். பான் நம்பர் குடுக்கலேன்னா 20 சதவீதம் போயிரும். வருஷ வருமானம் வரி கட்டுற அளவுக்கு இல்லேன்னா ரிட்டர்ன் போட்டுப் பிடிச்ச காசத் திரும்ப வாங்கலாம். மொத ரெண்டு வருஷம் எனக்கு இது தெரியாமலே போச்சு.

உசிலம்பட்டி

என் அனுபவத்தை இதுவரை வெளியில் சொன்னதில்லை. ஒரு ஸ்டுடியோவில் புடவை மடிப்பைச் சரி செய்கிறேன் என்று ஒரு ஆள் திரும்பத் திரும்பக் கை வைத்தான். உதவிக்கு இருந்த பெண்ணைச் சாப்பிட அனுப்பிவிட்டுத்தான் அதைச் செய்தான். மூன்றாவது தடவை "நானே பண்ணிக்கிறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். பாதிச் சம்பளம் தரவில்லை.

ஒருநாள் வேலைக்குப் போன எனக்கெல்லாம் சட்டம் இருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வக்கீலுக்குப் படிக்கும் சித்தி பொண்ணுதான் சொன்னாள். வேலையிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் வருஷச் சட்டம் தினக்கூலிக்கு வருகிறவர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடம் என்றால் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். அவள் சொன்னபோது அது நடந்து ஏழாவது மாதம். அதனால்தான் இங்கே எழுதுகிறேன், உங்களில் யாருக்காவது இன்னும் நாள் இருக்கலாம். உடனடி உதவிக்குப் பெண்கள் எண் 181.

ஏஜென்சி என்று சொல்லி உள்ளாடையோடு படம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். புடவைக்கும் சுடிதாருக்கும் அந்தப் படம் யாருக்கும் தேவையில்லை. ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

திருமங்கலம்

எல்லாருக்கும் வணக்கம்மா. என் மகளுக்கு 19 வயசு. வர்ற சனிக்கிழமை மதுரையில ஒரு சுடிதார் ஷூட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. நான் கூட வந்தா தப்பா நெனப்பாங்களா? வெளிய ரோட்டுல நிக்கச் சொல்லுவாங்களோன்னு இருக்கு. இவ மாநிறம், அதையும் ஏதாச்சும் சொல்லுவாங்களோன்னு பயப்படுறா.

பழங்காநத்தம்

உசிலம்பட்டித் தங்கச்சி, அந்தப் பாதிச் சம்பளம் உங்களுடையது. எழுதினதுக்கு நன்றி.

திருமங்கலம் அம்மா, தாராளமாகக் கூடப் போங்கள். துணி மாற்றும் அறைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். அம்மா வரக் கூடாது என்று சொல்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம். முதல் வருஷம் முழுக்க என் அம்மா முடிச்சுக் கட்டும் துணியைக் கையோடு கொண்டுவந்து உட்கார்ந்திருந்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நானும் மாநிறம்தான். உங்கள் மகளின் நிறத்துக்குச் சரியான ஷேடு ஃபவுண்டேஷன் (முகப்பூச்சு) ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். கடையில் வாங்கும்போது கையில் போட்டுப் பார்க்காமல் தாடையில் தடவி, வெளியே வெயிலில் வந்து பாருங்கள். மேக்கப் போடுகிறவர்களிடம் "இதுதான் என் ஷேடு" என்று கொடுத்துவிடட்டும். என் முதல் கேட்டலாக்கில் முகம் ஒரு நிறம், காதும் கையும் வேறு நிறம். இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத் திருப்பினால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

பையில் இதெல்லாம் எடுத்து வையுங்கள்: தோல் நிறத்தில் உள்ளாடை, கறுப்பு லெக்கின்ஸ், வெள்ளை லெக்கின்ஸ், சின்ன ஜிமிக்கி, ஹீல்ஸ், ஊக்கு ஒரு அட்டை. மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே போங்கள், அவர்கள் வாங்கித் தர மூன்று மணி ஆகிவிடும். எத்தனை சுடிதார், படம் எங்கெல்லாம் வரும் என்பதை இன்றைக்கே வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுங்கள். பதில் வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.