மறு: மறு: நிர்வாகியே உள்ளே நுழைய முடியாவிட்டால்: ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

தாம்பரம் எழுதியது:

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு பயிலரங்கம். பழைய மாணவர் சங்கம், சிறு நூலகம், கோயில் திருப்பணிக் குழு என்று சொந்தமாக இணையதளம் வைத்திருப்போர் வருகிறார்கள். வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் என்னும் தளம் அமைக்கும் மென்பொருள்கள் மூன்றுக்கும் சேர்த்துத் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. கடைசி அத்தியாயத்தின் தலைப்பில் வந்து நிற்கிறேன்.

நிலைமை இதுதான்: தளத்தை அமைத்துக் கொடுத்த பையன் வேறு ஊருக்குப் போய்விட்டான். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' என்பதை அழுத்தினால் மின்னஞ்சல் அவனுடைய பழைய முகவரிக்குப் போகிறது. இந்நிலையில் நிர்வாகி என்ற இடத்தைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு சொல் வேண்டும். இப்போதைக்கு 'நிர்வாகி கடவுச்சொல் மீட்பு' என்று போட்டிருக்கிறேன். திருவல்லிக்கேணி அச்சகத்தார் வெள்ளி மாலைவரைதான் பொறுப்பார்.

மயிலாப்பூர் எழுதியது:

அம்மா, தலைப்பில் மூன்று சொற்கள். முதல் சொல்லிலேயே எனக்கு வழக்கு உண்டு. 'நிர்வாகி' வடசொல். 'நிருவாகி' என்று உகரம் சேர்த்து எழுதிவிட்டால் தமிழாகிவிடாது. முகம் கழுவிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆள் என்னும் வேர் நம் கையில் இருக்கும்போது கடன் எதற்கு? 'ஆளுநர்' பொருத்தமாக இருந்திருக்கும். அதைக் கிண்டியில் இருப்பவர் எடுத்துக்கொண்டார். எனவே 'ஆளுகையர்' என்கிறேன்.

'மீட்பு' நல்ல சொல். ஆயினும் 'மீட்சி' இன்னும் செறிவானது. ஆள், ஆட்சி, மீள், மீட்சி. 'ஆட்சி மீட்சி' என்று வைத்துப் பாருங்கள். எதுகையும் தானே அமைகிறது.

வில்லிவாக்கம் எழுதியது:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். எதுகை அமைகிறது, கூடவே சுவரொட்டியும் பசையும் அமைகின்றன. 'ஆட்சி மீட்சி' என்று அச்சிட்டால் எந்தக் கட்சி என்று கேட்பார்கள். மேலும் மீட்சி தன்வினைப் பெயர். பொருள் தானே திரும்பி வந்தது போலாகும். இங்கே ஒருவர் உட்கார்ந்து பாடுபட்டல்லவா திருப்பிக் கொண்டுவருகிறார்? பிறவினைக்கு 'மீட்பு'தான் சரி.

என் கவலை வேறு. கையேட்டைப் படிக்கப்போகிறவர் சங்கச் செயலாளர். அவருக்கு 'நிர்வாகி' என்றால் தலைவர், பொருளாளர், துணைத்தலைவர். கடிதத் தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் பெயர்கள். 'நிர்வாகி கடவுச்சொல்' என்றால் அது பொருளாளரிடம் இருக்கவேண்டியது என்று நினைப்பார். ஆகவே 'தள நிர்வாகி' என்று முன்னொட்டுப் போடுங்கள்.

பெருங்குடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இலக்கணத்தில் தலையிடவில்லை. ஆனால் 'கடவுச்சொல் மீட்பு' என்பது நடக்காத காரியம். தரவுத்தளத்தில் கடவுச்சொல்லே கிடையாது. அதை ஹாஷ் செய்த, அதாவது ஒரு கணக்கில் போட்டு உருமாற்றிய, வடிவம்தான் இருக்கிறது. அதிலிருந்து பின்னோக்கிப் போய் மூலச் சொல்லைக் கணக்கிட்டு எடுக்க முடியாது. வேர்ட்பிரஸ் 2025இல் வந்த 6.8ஆம் பதிப்பிலிருந்து பிகிரிப்ட் என்னும் இன்னும் கடினமான முறைக்கு மாறிவிட்டது.

நடைமுறையில் வேர்ட்பிரஸுக்கு நாங்கள் செய்வது: ஹோஸ்டிங் கணக்கின் (தளத்துக்கு இடம் தரும் நிறுவனத்தில் உள்ள கணக்கு) வழியாக, தரவுத்தளத்தைத் திருத்தும் பிஎச்பிமைஅட்மின் என்னும் கருவியைத் திறந்து, பயனர் அட்டவணையில் நிர்வாகியின் வரிசையைத் திருத்தக் கொடுத்து, கடவுச்சொல் கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செயல்பாட்டுப் பட்டியலில் எம்டி5 என்பதைத் தேர்ந்து, புதுச் சொல்லைத் தட்டிச் சேமிப்பது. எம்டி5 ஹாஷ் முறைகளில் பழையது, பலவீனமானது. ஆனால் அடுத்த முறை உள்நுழையும்போது வேர்ட்பிரஸே அதைத் தன் புது முறைக்கு மாற்றி எழுதிக்கொள்ளும். ட்ரூபலில் ட்ரஷ் என்ற கட்டளைக் கருவி, ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் நுழைவு இணைப்பு ஒன்றைத் தரும். ஜூம்லாவில் அமைவுக் கோப்பில் 'ரூட் யூசர்' என்று ஒரு வரி சேர்த்து, கடவுச்சொல் நமக்குத் தெரிந்த, எழுத்தாளர் நிலையிலாவது இருக்கும் ஒரு பயனரின் பெயரைக் கொடுத்தால், அவர் தற்காலிகமாக உச்ச நிர்வாகி ஆவார். வேலை முடிந்ததும் அந்த வரியை மறக்காமல் நீக்கவேண்டும்.

மூன்றிலும் பழைய கடவுச்சொல் தொலைந்தது தொலைந்ததுதான். அடகுக் கடையில் மீட்டால் அதே சங்கிலி கைக்கு வரவேண்டும் அல்லவா? இங்கே வருவது வேறு சங்கிலி.

மயிலாப்பூர் எழுதியது:

தம்பி சொல்வது ஏற்கத்தக்கது. ஆனால் 'ஹாஷ்' என்று இரண்டு கிரந்த எழுத்தோடு ஒரு சொல் உள்ளே வந்துவிட்டதே, அதற்கு என்ன...

மட்டுறுத்துநர்:

ஹாஷுக்குத் தனி இழை தொடங்கவும். 'தரவு'க்குத் தொடங்கிய இழையே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நங்கநல்லூர் எழுதியது:

நண்பர்களே, நம் முன்னோரிடம் இதற்குச் சொல் இல்லையா? பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை உரியவர் மீட்டு வருவதற்குக் 'கரந்தை' என்று ஒரு திணையே இருக்கிறது. கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. 'நிர்வாகக் கரந்தை' என்று சூட்டலாம். படிப்பவர் கரந்தைப் பூவையும் தெரிந்துகொள்வார்.

ஆங்கில 'ஆக்சஸ்' என்பதற்கு 'அணுகல்' என்று எழுதுவோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். சோழர் காலத்தில் இது 'அணுக்கம்'. தஞ்சைப் பெரிய கோயிலில் கேரளாந்தகன் திருவாயில், இராசராசன் திருவாயில் இரண்டையும் தாண்டி உள்ளே போனால், கருவறையை ஒட்டியது திருஅணுக்கன் திருவாயில். எல்லா வாயிலும் எல்லாருக்கும் அல்ல என்பதைக் கல்லிலேயே கட்டிவைத்திருக்கிறான். பயனர், ஆசிரியர், நிர்வாகி என்ற படிநிலைக்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்? நிர்வாகிக்கும் 'ஆள்வினைஞர்' என்று...

மயிலாப்பூர் எழுதியது:

ஆள்வினை என்றால் முயற்சி. திருக்குறள் 62ஆம் அதிகாரம் 'ஆள்வினையுடைமை'. உள்ளே நுழைய முடியாமல் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பவரை வேண்டுமானால் ஆள்வினைஞர் என்னலாம்.

கரந்தை பற்றி: தொல்காப்பியர் அதைத் தனித்திணையாகக் கொள்ளவில்லை. அவருக்குப் புறத்திணை ஏழு. நிரை மீட்டலும் வெட்சிக்குள்ளேயே அடக்கம். தனித்திணையாக்கியது பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை, அது பன்னிரண்டு கொள்ளும். இதைச் சொல்லாமல் கரந்தை சூடுவது முறையன்று.

பெருங்குடி எழுதியது:

ஐயா, தொல்காப்பியர் செய்தது எங்கள் துறைக்கு மிகப் பொருத்தம். சர்வருக்கு வெட்சியும் கரந்தையும் ஒன்றுதான். நான் மேலே எழுதிய வழிகளைத் தளத்தின் உரிமையாளர் செய்தால் மீட்பு, வேறொருவர் செய்தால் கவர்தல். கட்டளை அதே கட்டளை. ஆகவே அத்தியாயத்தின் முதல் வரி, ஹோஸ்டிங் கணக்கும் தளப்பெயரும் சங்கத்தின் பெயரில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லவேண்டும். அவையும் அந்தப் பையன் பெயரில் இருந்தால் பிஎச்பிமைஅட்மின்வரை போகவே முடியாது; முதலில் அவனைத்தான் தேடிப் பிடிக்கவேண்டும்.

வேர்ட்பிரஸில் இன்னொரு நோயும் உண்டு. கடவுச்சொல் சரியாக இருக்கும், உள்ளேயும் போவார். ஆனால் யாரோ அவரைச் சந்தாதாரர் என்னும் கடைசி நிலைக்கு இறக்கியிருப்பார்கள். இடுகை எழுதும் பொத்தான்கூடத் தெரியாது. அதைச் சரிசெய்வது பயனர் அட்டவணையில் அல்ல, பயனர் விவரக்குறிப்பு அட்டவணையில். அங்கே கடவுச்சொல்லுக்கு வேலையே இல்லை. எனவே தலைப்பில் 'கடவுச்சொல்' வேண்டாம்.

வில்லிவாக்கம் எழுதியது:

அப்படியானால் 'தள நிர்வாகி அணுகல் மீட்பு' என்போமா? இல்லை, நானே மறுத்துவிடுகிறேன். 'நிர்வாகி அணுகல்' என்ற தொகையை விரித்தால் நிர்வாகியை அணுகலா, நிர்வாகியினது அணுகலா? இரண்டாம் வேற்றுமையாகக் கொள்பவர், நிர்வாகியைப் போய்ப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று நினைப்பார். அவரோ ஊரில் இல்லை.

நங்கநல்லூர் எழுதியது:

அதனால்தான் அணுக்கம் என்றேன். திருஅணுக்கன் திருவாயில் பற்றி இன்னும் ஒரு செய்தி...

தாம்பரம் எழுதியது:

ஐயா, தஞ்சாவூருக்கு அடுத்த வாரம் போகலாம். இன்று வியாழக்கிழமை. 'தள நிர்வாகி உரிமை மீட்பு' என்று தலைப்பு வைத்து, அதன்கீழ் 'புதுக் கடவுச்சொல் இடுதல்', 'இறக்கப்பட்ட நிலையைச் சரிசெய்தல்' என்று இரண்டு உட்தலைப்பு போடுகிறேன். யாருக்காவது மறுப்பு உண்டா?

வில்லிவாக்கம் எழுதியது:

'உரிமை மீட்பு' என்றதும் வள்ளுவர் கோட்டத்தில் ஆர்ப்பாட்டம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் இதைவிடத் தெளிவானது எனக்கு அகப்படவில்லை. சரி.

பெருங்குடி எழுதியது:

சரி. பாதுகாப்புச் செருகுநிரலே (தளத்தில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) நிர்வாகியைத் தடுத்துவிட்டால் அதன் கோப்புறைப் பெயரை மாற்றினால் போதும் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பாதிப் பேருக்கு அதுதான் நோயாக இருக்கும்.

நங்கநல்லூர் எழுதியது:

உடன்படுகிறேன். அட்டையிலாவது கரந்தைப் பூ ஒன்று வரையலாம்.

மயிலாப்பூர் எழுதியது:

நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்க. பெரும்பான்மை இருப்பதால் 'நிர்வாகி' தமிழாகிவிடாது. இரண்டாம் பதிப்பில் 'ஆளுகையர்' என்று அடைப்புக்குறிக்குள்ளாவது இடம் தரவேண்டும். அத்துடன் 'தளம்' எங்கிருந்து வந்தது என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை. பேரகராதியைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன், இரவுக்குள் எழுதுகிறேன்.

தாம்பரம் எழுதியது:

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன் ஐயா.