வீட்டுக்குள் பூஞ்சை: அமெரிக்க ஹோம் இன்சூரன்ஸ் எப்போது பணம் தரும், எப்போது கைவிரிக்கும்?

சின்னஎழுத்து

இந்த மன்றத்தின் பக்கத்து இழையில் ஒருவர், "குழாய் ஒழுகி மோல்ட் (பூஞ்சை) வந்தால் கவலையே வேண்டாம், ஹோம் இன்சூரன்ஸ் முழுசாகக் கொடுத்துவிடும்" என்று எழுதியிருக்கிறார். பலர் அதை ஆமோதித்தும் இருக்கிறார்கள். இதை நம்பி யாரும் ஏமாறக் கூடாது என்றுதான் தனி இழை தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் சொந்த வீட்டுக்குப் பெரும்பாலோர் வைத்திருப்பது எச்ஓ-3 என்ற பொதுவகை வீட்டுக் காப்பீட்டு பாலிசி. அதில் பூஞ்சை, ஈர அழுகல் இரண்டும் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. குளியலறைக் கூரையில் கறுப்புப் புள்ளிகள், பேஸ்மென்ட் சுவரில் ஊறும் நிலத்தடி நீர், வயதான கூரை ஓட்டின் வழியாக வரும் மழைநீர், ஜன்னல் ஓரத்துப் பனிநீர் எதற்கும் பணம் கிடைக்காது. இவை பராமரிப்புக் குறை என்றே கணக்கு. பல கம்பெனிகள் தனி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியை மாற்றும் இணைப்புத் தாள்) போட்டு, தருவதற்கும் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. அடிக்கடி பார்ப்பது 10,000 டாலர்.

ஈரமானி

விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பத்தியின் முதல் பாதியைத்தான் சொல்கிறீர்கள். காப்பீட்டுப் படிவங்களை எழுதித் தரும் ஐஎஸ்ஓ அமைப்பின், பல கம்பெனிகள் பின்பற்றும் பொதுப் படிவத்தில் அடுத்த வரியே "ஆனால்" என்று தொடங்குகிறது. சுவருக்குள்ளோ, கூரைப் பலகைக்கு மேலோ, தரைக்கு அடியிலோ கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருந்த பூஞ்சை, அதுவும் குழாய், ஹீட்டர், ஏசி, தீயணைப்புத் தெளிப்பான், வீட்டுச் சாதனம் இவற்றிலிருந்து தற்செயலாக வெளியேறிய தண்ணீரால் வந்தது என்றால், அதற்குக் காப்பு உண்டு.

பார்க்க வேண்டியவை இரண்டே: தண்ணீர் எங்கிருந்து வந்தது, பூஞ்சை எங்கே ஒளிந்திருந்தது. பிரிட்ஜின் ஐஸ்மேக்கர் குழாய் சுவருக்குப் பின்னால் விட்டுப்போனது இந்த வரிக்குள் வரும். சம்ப் பம்ப் (பேஸ்மென்ட் குழியில் சேரும் தண்ணீரை வெளியேற்றுவது), கூரை வடிகால், மழைநீர்க் கால்வாய் வராது. அவற்றைக் குழாய் அமைப்பாக எண்ணக் கூடாது என்று அதே படிவம் சொல்கிறது.

சின்னஎழுத்து

அந்த "ஆனால்" வரி எல்லார் பாலிசியிலும் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூஞ்சை எண்டார்ஸ்மென்ட் சேர்த்திருந்தால் அது மூலப்படிவத்தின் அந்தப் பகுதியையே மாற்றி எழுதிவிடும். கூடவே, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொடர்ந்த கசிவு என்ற விலக்கும் பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது.

அட்ஜஸ்டர், அதாவது சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் ஆள், வந்ததும் கசிவின் வயதைத்தான் தேடுவார். தரைப்பலகையில் மரத்தின் ஆண்டு வளையம் போல வட்டத்துக்குள் வட்டமாகக் கறை, ஆணித்தலையில் துரு, இணைப்பு மூட்டில் வெள்ளையாகப் படிந்த உப்பு, விரலால் அழுத்தினால் உதிரும் மரம். இவற்றைப் பார்த்த பிறகு "நேற்றுத்தான் உடைந்தது" என்றால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

தண்ணீர் திடீரென்று வந்ததுதான் என்று நிரூபித்தாலும் பூஞ்சைக்குப் பணம் உறுதியில்லை. கலிபோர்னியாவில் டி பிரூயின் வழக்கு, 2008: வீட்டார் விடுமுறையில் இருந்தபோது கழிப்பறை பொங்கியது. கம்பெனி தண்ணீர்ச் சேதத்துக்குக் கொடுத்தது, பூஞ்சைக்கு மறுத்தது. பாலிசி தெளிவாக விலக்கியிருந்தால் அந்த மறுப்பு செல்லும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

தம்பாமழை

அண்ணா, மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும். ஃபுளோரிடாவில் 2018-இல் வந்த ஹிக்ஸ் தீர்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜுக்குப் போகும் தண்ணீர்க் குழாய் ஐந்து வாரத்துக்கு மேல் ஒழுகியது. பாலிசியில் "14 நாளோ அதற்கு மேலோ தொடரும் கசிவால் வரும் சேதம் சேராது" என்று இருந்தது. கம்பெனி மொத்தத்தையும் மறுத்தது. நீதிமன்றமோ, முதல் 13 நாளில் ஏற்பட்ட சேதத்தை அந்த வாசகம் தெளிவாக விலக்கவில்லை என்றது.

அதனால் "நீண்ட நாள் கசிவு" என்று கடிதம் வந்த உடனே மடக்கி வைத்துவிடாதீர்கள். உங்கள் பாலிசியின் வாசகம் எத்தனை நாள் என்கிறது, "மறைவாக, வீட்டாருக்குத் தெரியாமல் நடந்ததைத் தவிர" என்ற சொற்கள் உண்டா என்று தேடுங்கள். அந்தச் சொற்கள் இருந்தால், மறைவான கசிவுக்கு வயது ஒரு குற்றமில்லை.

ஈரமானி

நன்றி தம்பாமழை. இப்போது பணம் உண்மையில் தொலையும் இடத்துக்கு வருகிறேன். வரம்பு 10,000 என்று கேட்டதும் மொத்த வேலைக்கே 10,000 என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. வரம்பு பூஞ்சைக்கு. தண்ணீர்ச் சேதத்துக்கு அந்த வரம்பு பொருந்தாது. ஐஎஸ்ஓவின் பூஞ்சை எண்டார்ஸ்மென்ட்டிலேயே, பூஞ்சையால் வராத சேதத்துக்கு இந்த வரம்பு தடையில்லை என்ற கருத்தில் ஒரு பத்தி இருக்கிறது. அதைத் தேடி அடிக்கோடு போடுங்கள்.

கணக்குக்கு ஓர் உதாரணம், டிடக்டிபிளை (நீங்கள் முதலில் கையிலிருந்து ஏற்கும் தொகை) தள்ளிவைத்து: மொத்த பில் 31,000 டாலர். நனைந்த டிரைவாலை (ஜிப்சம் சுவர்ப்பலகை) அறுத்து எடுப்பது, தரை, அலமாரி, உலர்த்தும் இயந்திர வாடகை, மறுகட்டுமானம் எல்லாம் 19,000. பூஞ்சைக்கென்றே செய்த வேலை, அதாவது தடித்த பிளாஸ்டிக் திரை கட்டி அறையை அடைப்பது, உள்காற்றை வெளியே இழுக்கும் இயந்திரம், நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி, மரச்சட்டத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்வது, காற்று மாதிரிச் சோதனை, 12,000. சரியாகப் பிரித்து எழுதினால் 19,000-மும் 10,000-மும் சேர்ந்து 29,000 கேட்கலாம். ஒப்பந்தக்காரர் சோம்பல்பட்டு "மோல்ட் வேலை, மொத்தம் 31,000" என்று ஒரே வரியில் பில் போட்டால் 10,000-த்தோடு நின்றுவிடும். 19,000 டாலர் ஒரு தலைப்பு வரியில் போகிறது!

குழாய் தனிக்கணக்கு. உடைந்த குழாயைப் பழுதுபார்க்கும் செலவு உங்களுடையது. அதை எட்டுவதற்குச் சுவரை உடைத்துத் திரும்பக் கட்டும் செலவு பொதுவாகக் காப்புக்குள் வரும்.

சின்னஎழுத்து

பிரித்து எழுதச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்டார்ஸ்மென்ட் பத்தியின் கடைசி வாக்கியத்தையும் படியுங்கள். பூஞ்சையால் செலவு எவ்வளவு கூடியதோ அந்தக் கூடுதல் வரம்புக்குள் போய்விடும். நல்ல தண்ணீரில் நனைந்த டிரைவாலை முதல் நாளே உலர்த்தியிருந்தால் அறுக்கவே வேண்டாம். எட்டு நாள் விட்டு, பூஞ்சை பிடித்து, அறுக்க வேண்டி வந்தால் "இது தண்ணீர்ச் சேதம்" என்று நீங்கள் எழுதலாம். "இது பூஞ்சையால் வந்த கூடுதல்" என்று அட்ஜஸ்டர் எழுதுவார். அவர் எழுதுவதற்கு ஆதாரமும் இருக்கும்.

வரம்பு பெரும்பாலும் பாலிசி ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஒன்றுதான். மார்ச்சில் ஒரு கசிவு, நவம்பரில் இன்னொன்று என்றால் மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும்.

ஈரமானி

நியாயம். அதனால்தான் முதல் இரண்டு நாள் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தினால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமான இபிஏவே சொல்கிறது. செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

மெயின் வால்வை மூடுங்கள். எதையும் நகர்த்துமுன் அறையின் நான்கு மூலையிலிருந்தும் படம், பிறகு கிட்டப் படம். கம்பெனிக்குத் தகவல் சொல்லி க்ளெய்ம் எண் வாங்குங்கள். அட்ஜஸ்டர் வரட்டும் என்று உலர்த்தாமல் காத்திருப்பதுதான் பெரிய பிழை. மேலும் சேதம் ஆகாமல் காப்பது உங்கள் கடமை என்று பாலிசியிலேயே இருக்கிறது, அதற்கான நியாயமான செலவையும் கேட்கலாம். ரசீதை வைத்திருங்கள்.

உடைந்த பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். வெடித்த பிளாஸ்டிக் நட், கிழிந்த குழாய், வால்வு எதுவானாலும் பையில் போட்டுத் தேதி எழுதுங்கள். கசிவு திடீரா, பழையதா என்பதற்கு அதுதான் சாட்சி. அறுத்த டிரைவாலில் ஓரடித் துண்டு ஒன்றும் கூடவே இருக்கட்டும். உலர்த்தும் ஆளிடம் தினமும் ஈரமானி அளவைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். நனையாத பக்கத்து அறை மரத்தின் அளவும் அதே தாளில் வேண்டும். அது இல்லாமல் "உலர்ந்துவிட்டது" என்பதற்குப் பொருளில்லை.

பூஞ்சை ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிந்தால் அதன் பக்கம் விசிறியைத் திருப்பி விடாதீர்கள். வித்துக்கள் வீடெங்கும் பறந்து, ஓர் அறை வேலை மூன்று அறை வேலையாகும். பிளீச் அடிப்பதையும் இபிஏ வழக்கமான முறையாகப் பரிந்துரைப்பதில்லை. கறை வெளுக்கும், ஈரம் உள்ளே அப்படியே இருக்கும், ஆதாரமும் போய்விடும்.

கேட்டிவாசி

டெக்சாஸ்காரர்களுக்குக் கொஞ்சம். இந்த வரம்புகளுக்கெல்லாம் பின்னணி இங்கேதான் இருக்கிறது. 2001-இல் டிரிப்பிங் ஸ்பிரிங்ஸ் வீடு ஒன்றின் பூஞ்சை வழக்கில் ஜூரி 3.2 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. பிறகு மேல்முறையீட்டில் ஏறக்குறைய 40 லட்சமாகக் குறைந்தது. அதற்குள் க்ளெய்ம்கள் பெருகி, கம்பெனிகள் படிவங்களை இறுக்கிவிட்டன. 2006-இல் ஃபீஸ் வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், டெக்சாஸின் பழைய வீட்டுக் காப்பீட்டுப் படிவமான எச்ஓ-பியிலும் தண்ணீர்ச் சேதத்தைத் தொடர்ந்து வந்த பூஞ்சைக்குக் காப்பு இல்லை என்று தீர்த்தது.

நடைமுறைக்கு வருவோம். தொடர்ச்சியாக 25 சதுர அடியோ அதற்கு மேலோ பூஞ்சை என்றால், கூலிக்கு அமர்த்துபவர் டிடிஎல்ஆர் (டெக்சாஸ் உரிமத் துறை) உரிமம் பெற்றவராக இருந்துதான் வேலை செய்ய வேண்டும். ஆய்வு செய்பவரும் நீக்குபவரும் ஒரே வேலையில் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. "இலவச ஆய்வு, நாங்களே எடுத்தும் தருகிறோம்" என்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்ததும் பூஞ்சைச் சேதம் சரிசெய்ததற்கான சான்றிதழை 10 நாளுக்குள் தர வேண்டும். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அது இருந்தால், முன்பு பூஞ்சை இருந்ததைக் காரணம் காட்டி நாளைக்குப் பாலிசி மறுக்க முடியாது. வீட்டை விற்கும்போதும் வாங்குபவர் கேட்பார்.

சின்னஎழுத்து

டெக்சாஸ் பக்கம் பேச்சு வந்ததால் வெள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன். தரைமட்டத்தில் உயர்ந்து வந்த தண்ணீர் எச்ஓ-3-க்குள் வராது. அதற்கு என்எஃப்ஐபி என்ற அரசுத் திட்டத்தின் வெள்ளக் காப்பீடு வேண்டும். அதிலும், தண்ணீர் வடிந்த பிறகு நீங்கள் பார்த்து உலர்த்தியிருக்கக்கூடிய பூஞ்சைக்குப் பணம் இல்லை.

ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க: இரண்டு மாதம் இந்தியா, இலங்கை என்று கிளம்புமுன் மெயின் வால்வை மூடுங்கள். குளிர் மாநிலமானால் ஹீட்டரை 55 பாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்காதீர்கள். ஆளில்லாத வீட்டில் குழாய் உறைந்து வெடித்தால், சூடு காத்தீர்களா, அல்லது தண்ணீரை நிறுத்தி வடித்தீர்களா என்றுதான் முதல் கேள்வி வரும். ஹீட்டிங் பில்லே உங்கள் சாட்சி.

இன்னும் என் கருத்து இதுதான்: சின்னச் சேதத்துக்கு க்ளெய்ம் போடாதீர்கள். க்ளூ அறிக்கையில், அதாவது கம்பெனிகள் பார்க்கும் க்ளெய்ம் வரலாற்றில், 7 ஆண்டு வரை நிற்கும்.

தம்பாமழை

அங்கேதான் உங்களோடு ஒத்துப்போகமாட்டேன், அண்ணா. 10 சதுர அடிக்குள், காரணம் தெரிந்த, வெளியே தெரியும் பூஞ்சை என்றால் சரி. சோப்புத் தண்ணீரும் என்-95 முகமூடியும் போதும். டிடக்டிபிளுக்குள் முடிந்துவிடும். ஆனால் சுவருக்குள் இருப்பது சின்னதா பெரிதா என்று திறக்காமல் எப்படித் தெரியும்? "சின்னது" என்று ஆறு வாரம் விட்டுவிட்டு, பிறகு திறந்து பெரிதாக இருந்தால், தாமதமாகச் சொன்னீர்கள் என்று அதையே மறுப்புக்குக் காரணமாக்குவார்கள். பிளம்பரைக் கூப்பிட்டு ஒரு சின்னத் துளை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றே முடிவெடுக்கலாம்.

ஈரமானி

துளை போட்டுப் பார்ப்பது எனக்கும் சம்மதம். படம் எடுத்துவிட்டுப் போடுங்கள்.

மறுப்பு வந்தவர்களுக்கு ஒன்று. தொலைபேசியில் சொன்னதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பத்தியின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எல்லா எண்டார்ஸ்மென்ட்டுகளோடும் சான்றளித்த முழுப் பாலிசிப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தொகையில்தான் தகராறு என்றால் பாலிசியின் அப்ரைசல் விதியை (இரு தரப்பும் மதிப்பீட்டாளரை வைத்துத் தொகையைத் தீர்ப்பது) பயன்படுத்தலாம். காப்பு உண்டா இல்லையா என்ற தகராறு பொதுவாக அதில் தீராது. அதற்கு மாநிலக் காப்பீட்டுத் துறையில் புகார் அல்லது வழக்கறிஞர். பிளம்பரின் அறிக்கையில் "பழைய கசிவு போலத் தெரிகிறது" என்று போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறதா என்று, அனுப்புமுன் படித்துப் பாருங்கள். அது அவர் கண்டதா, ஊகமா என்று கேளுங்கள். ஊகமானால், கண்டதை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள்.