11 எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டானை ஹைட்ரஜன் ஏன் விட்டுவிடுகிறது?

முகில்12:
அடிநிலையில் (மிகக் குறைந்த ஆற்றல் மட்டத்தில்) இருக்கும் ஹைட்ரஜனை இரண்டாம் மட்டத்துக்கு ஏற்ற 10.2 எலக்ட்ரான் வோல்ட் (இனி எ.வோ.) வேண்டும். 11 எ.வோ. ஆற்றலுள்ள எலக்ட்ரான் மோதினால் 10.2-ஐக் கொடுத்துவிட்டு மீதி 0.8-ஓடு போய்விடுகிறது. அதே 11 எ.வோ. ஃபோட்டானாக (ஒளித் துகளாக) வந்தால் அணு அதை விழுங்காது என்கிறது பாடம். ஆனால் காம்ப்டன் சிதறலில் (ஃபோட்டான் எலக்ட்ரானில் மோதித் திசை மாறுவதில்) ஃபோட்டான் கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியோடு போகத்தானே செய்கிறது? அதோடு 15 எ.வோ. வந்தால் அணு முழுசாக வாங்கிக்கொள்கிறது. அங்கே "சரியாகப் பொருந்த வேண்டும்" என்ற நிபந்தனை எங்கே போயிற்று? மூன்றுக்கும் ஒரே விளக்கம் உண்டா, இல்லை தனித்தனி விதிகளா?

நிறமாலை:
ஒரே விளக்கம்தான். ஆற்றல், உந்தம் இரண்டும் சேர்ந்தே கணக்குத் தீர வேண்டும். எந்த நிகழ்வை எடுத்தாலும் "மீதியை யார் எடுத்துக்கொண்டு போவது?" என்று கேளுங்கள்.

மோதும் எலக்ட்ரான் மோதிய பிறகும் இருக்கிறது, 0.8-ஐ அதுவே சுமந்துகொண்டு போகும். ஃபிராங்க்கும் ஹெர்ட்ஸும் 1914-இல் பாதரச ஆவியில் பார்த்தது இதைத்தான். எலக்ட்ரானின் ஆற்றல் 4.9 எ.வோ.வை எட்டும்வரை பாதரசம் எதையும் வாங்கவில்லை. எட்டியதும் வாங்கி, 254 நானோமீட்டர் புறஊதா ஒளியாகத் திருப்பிக் கொடுத்தது.

உட்கவரலில், அதாவது அணு ஃபோட்டானை விழுங்குவதில், ஃபோட்டான் மிஞ்சுவதில்லை. அணு மட்டுமே மிஞ்சும். "மீதி 0.8-ஐ அணு இயக்க ஆற்றலாக வைத்துக்கொள்ளட்டுமே" என்று தோன்றும். பலரும் சறுக்குவது இங்கேதான். ஹைட்ரஜன் அணுவுக்கு 0.8 எ.வோ. இயக்க ஆற்றல் இருக்க வேண்டுமானால் அது நொடிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 11 எ.வோ. ஃபோட்டானின் உந்தம் அதற்குத் தரக்கூடிய வேகமோ நொடிக்கு 3.5 மீட்டர்தான். உந்தம் ஏறத்தாழ 3,500 மடங்கு பற்றவில்லை. ஆகவே மீதிக்கு இடமில்லை, உட்கவரலும் இல்லை.

15 எ.வோ.வில் எலக்ட்ரான் அணுவை விட்டே வெளியேறுகிறது. 13.6 பிணைப்பை உடைக்கச் செலவாகும், 1.4 எலக்ட்ரானின் இயக்க ஆற்றலாகும். கட்டற்ற எலக்ட்ரானுக்கு எந்த ஆற்றலும் சரி, படிக்கட்டு கிடையாது. உந்தத்தில் வரும் வித்தியாசத்தைப் புரோட்டான் ஏற்றுக்கொள்ளும். நிபந்தனை எங்கும் போகவில்லை, எல்லா மதிப்பும் அதற்குப் பொருந்திவிடுகிறது, அவ்வளவுதான்.

கதிர்வீச்சு_7:
காம்ப்டன் பக்கத்தை நான் சேர்க்கிறேன்.

கட்டற்ற எலக்ட்ரான் ஒரு ஃபோட்டானை முழுசாக விழுங்கவே முடியாது. விழுங்கிய பிறகு எலக்ட்ரான் ஓய்வில் இருப்பதாகத் தெரியும் சட்டகத்தில் நின்று பாருங்கள். அங்கே பிந்தைய மொத்த ஆற்றல் எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றல் 511 கிலோ எ.வோ. மட்டுமே. முந்தைய நிலையில் ஓடிக்கொண்டிருந்த எலக்ட்ரானும் இருந்தது, ஃபோட்டானும் இருந்தது. மொத்தம் கட்டாயம் 511-ஐவிட அதிகம். கணக்கு இடிக்கிறது. அதனால்தான் அங்கே இன்னொரு ஃபோட்டான் வெளியே போயே ஆக வேண்டும்.

அலைநீளம் கூடும் அளவு: 0.00243 நானோமீட்டரை (1 − கோசைன் கோணம்) ஆல் பெருக்குங்கள். 0.071 நானோமீட்டர் எக்ஸ் கதிர் (17.5 கிலோ எ.வோ.) கார்பனில் பட்டு 90 பாகையில் சிதறினால் அதன் ஆற்றல் 16.9 கிலோ எ.வோ. ஆகக் குறையும். சுமார் 580 எ.வோ. எலக்ட்ரானுக்குப் போகிறது. கார்பனின் வெளி எலக்ட்ரான்கள் 10 எ.வோ. அளவில்தான் கட்டுண்டவை என்பதால் இந்த அடிக்கு அவை கட்டற்றவை மாதிரியே நடந்துகொள்ளும். 500 நானோமீட்டர் ஒளிக்கோ இந்த மாற்றம் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் காம்ப்டன் விளைவைத் தேடாதீர்கள்.

முகில்12:
தெளிவாகிவிட்டது, நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். "பொருந்த வேண்டும்" என்றால் எவ்வளவு துல்லியமாக? அந்த 1.4 மாதிரியான மீதியை ஆய்வகத்தில் நேரடியாக அளக்க முடியுமா?

நிறமாலை:
முதல் கேள்விக்கு: இரண்டாம் மட்டத்தின் 2பி நிலை 1.6 நானோ நொடி வாழ்கிறது. அதனால் 10.2-க்கு வரும் இயல்பான அகலம் (அணு ஏற்கும் விலகலின் அளவு) வெறும் 0.0000004 எ.வோ. அறை வெப்பநிலையில் அணுக்களின் ஓட்டத்தால் வரும் டாப்ளர் அகலம் சுமார் 0.00013. உங்கள் 0.8 விலகல் இதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு.

பாடப்புத்தகம் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. 11 எ.வோ. ஃபோட்டான் "தொடவே தொடாது" என்பது முழுச் சரியில்லை. அணு 10.2-ஐ எடுத்துக்கொண்டு, மீதியைப் புதிய ஃபோட்டானாக அதே கணத்தில் விட்டுவிடலாம். இது ராமன் சிதறல். ராமனும் கிருஷ்ணனும் 1928-இல் திரவங்களில் கண்ட அதே வகை, இங்கே எலக்ட்ரான் மட்டங்களுக்கு இடையே. நிகழ வாய்ப்பு மிகமிகக் குறைவு என்பதால் ஏராளமான ஹைட்ரஜன் வேண்டும். கூட்டுயிர் விண்மீன்கள் எனப்படும் சில இரட்டை விண்மீன்களில் அது இருக்கிறது: அயனியான ஆக்சிஜனின் 103.2 நானோமீட்டர் ஒளி (12.0 எ.வோ.) ஹைட்ரஜனில் 10.2-ஐ விட்டுவிட்டு, 1.8 எ.வோ.வாக 682.5 நானோமீட்டரில் சிவப்பாக வெளிவருகிறது. அலைநீளம் 6.6 மடங்கானதால் கோட்டின் ஒப்பீட்டு அகலமும் (அகலத்தை அலைநீளத்தால் வகுத்தது) அதே விகிதத்தில் விரிகிறது. நிறமாலையில் அந்தக் கோடு அண்டைக் கோடுகளைவிடத் தடித்துத் தெரிவது அதனால்தான். எனக்கு மிகப் பிடித்த சான்று இது.

ஒளிமின்கலம்:
இரண்டாவது கேள்விக்கு: ஹைட்ரஜனில் கடினம், உலோகத்தில் எளிது. ஒளிமின்கலத்தில் நிறுத்து மின்னழுத்தம் (மின்னோட்டத்தைச் சுழியாக்கும் எதிர் மின்னழுத்தம்) என்பது அந்த மீதிதான். பாதரச விளக்கு, 365.0, 435.8, 546.1 நானோமீட்டர் வடிகட்டிகள், பிகோ ஆம்பியர் வரை படிக்கும் மானி வேண்டும். விளக்கை 10 நிமிடம் சூடேற விடுங்கள். நடுவில் அணைத்தால் ஆறும்வரை மறுபடி எரியாது. புறஊதா வரும், நேராகப் பார்க்காதீர்கள். கலத்தின் வாயை மூடிவைத்து மானியைச் சுழியாக்குங்கள். பிறகு எதிர் மின்னழுத்தத்தை 0.05 வோல்ட் படிகளில் கூட்டிக்கொண்டே மின்னோட்டத்தைக் குறியுங்கள்.

1240-ஐ அலைநீளத்தால் வகுத்தால் ஃபோட்டான் ஆற்றல் வந்துவிடும்: 3.40, 2.85, 2.27. அடுத்தடுத்த நிறுத்து மின்னழுத்தங்களின் வித்தியாசம் 0.55, 0.57 அளவில் வர வேண்டும். 0.4 என்று வந்தால் இரண்டில் ஒன்று. ஒளி நேர்மின்வாயில் பட்டு அங்கிருந்தும் எலக்ட்ரான் கிளம்பலாம். எதிர் மின்னழுத்தம் 2 வோல்ட்டைத் தாண்டியும் மின்னோட்டம் சுழிக்குக் கீழே இறங்கி நின்றால் இதுதான். அப்போது சுழியைத் தொடும் புள்ளியை எடுக்காமல், வளைகோடு தட்டையாகத் தொடங்கும் இடத்தை எடுங்கள். இல்லையென்றால் பச்சை வடிகட்டியில் ஊதா ஒளி கசிகிறது. கூடவே ஒரு மஞ்சள் கண்ணாடியை வைத்துப் பாருங்கள்.

ஒளியின் வாயைப் பாதியாகக் குறைத்தால் மின்னோட்டம் குறையும், சுழிப் புள்ளி நகரக் கூடாது. நகர்ந்தால் வெளி ஒளியோ மானியின் சுழிப் பிழையோ இருக்கிறது.

ஃபோட்டான் ஆற்றலுக்கு எதிரே நிறுத்து மின்னழுத்தத்தை வரைந்தால் கிடைக்கும் வரைபடத்தின் வெட்டுத்துண்டை எதிர்மின்வாயின் வெளியேற்று ஆற்றல் (உலோகத்திலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க வேண்டிய ஆற்றல்) என்று எழுதிவிடாதீர்கள். இரு உலோகங்களுக்கு இடையிலான தொடு மின்னழுத்தமும் சேர்வதால் அங்கே கிடைப்பது நேர்மின்வாயின் வெளியேற்று ஆற்றல். சாய்வு இதனால் மாறாது.